யாரோட யாரை எண்ணுவது? பல்கலைக்கழக அனுமதியும் எங்கட கரையோரமும்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ரெண்டு கேள்விதான் ஓடும். "இசட் ஸ்கோர் எவ்வளவு?" "மாவட்டத்தில எத்தனையாவது?" மூணு ஏ எடுத்த பிள்ளையையும் இந்தக் கேள்வி விடாது. ஏனெண்டால் மூணு ஏ எடுத்தாலும் விரும்பின பாடநெறி கிடைக்காமல் போகலாம். நாடு முழுக்கத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. மற்ற மூன்று பேரையும் நிறுத்துவது ஒரு வரிசை. அந்த வரிசை எப்படி வந்தது என்று தேடினால், ஐம்பது வருட அரசியல் அதுக்குள்ள கிடக்கிறது.

முதலில் வரிசை இல்லாத காலம். எங்கட ஊர் காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தார். எழுதியது கேம்பிரிட்ஜ் பரீட்சை. 1920 இல் எடுத்த விஞ்ஞானப் பட்டம் லண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. இலங்கையில் அப்போது பல்கலைக்கழகமே கிடையாது. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942 இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம். அடுத்த வருடம் அதே பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்தர் போனார். அந்தக் காலத்தில் உள்ளே போகத் தேவையானது ஆங்கிலம். ஆங்கிலம் இருந்தது நல்ல மிஷன் பள்ளிக்கூடம் இருந்த இடங்களில். அதனால் யாரும் வெட்டுப்புள்ளி போடாமலேயே பெரும்பாலான பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு பட்டியலிலும் இல்லை, அவ்வளவுதான்.

இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் வந்த பிறகு கதை மாறியது. 1960 இலிருந்து கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆனால் மருத்துவம், பொறியியல் இடங்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. நல்ல ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியர்களும் இருந்தது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் சில நகரங்களிலும்தான். 1970 இல் விஞ்ஞானம் சார்ந்த துறைகளுக்குத் தெரிவானவர்களில் 35.3 வீதம் தமிழர். தமிழ் வினாத்தாள் திருத்துபவர்கள் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அந்த வருடப் பரீட்சையை வைத்து நடந்த தெரிவில், மருத்துவத்துக்கு 400 க்குத் தமிழ்மொழி மாணவர் 250 எடுக்க வேண்டும், சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். பேராதனைப் பொறியியலுக்கு 250 உம் 227 உம். ஒரே பரீட்சை, ஒரே கேள்வி, ரெண்டு வெட்டுப்புள்ளி. 1973 இல் இதற்கு ஒரு கணித உருவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு மொழியிலும் எழுதியவர்களைத் தனித்தனிக் கூட்டமாக எடுத்து, அவர்களுடைய புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. இதுதான் மொழிவாரித் தரப்படுத்தல். விளைவு என்னவென்றால், எந்த மொழியில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ அந்த விகிதத்துக்குக் கிட்டத்தான் தெரிவும் வரும்.

இதில் எங்கட பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விசயம் இருக்கு. கோடு போடப்பட்டது மொழியில். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் தமிழில் பரீட்சை எழுதின முஸ்லிம் பிள்ளையும் அந்த 250 ஐத்தான் தாண்ட வேண்டியிருந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். அவர் முஸ்லிம் என்பதால் தரப்படுத்தலைத் தமிழர் முஸ்லிம் தகராறாக மட்டும் சொல்லி முடிக்கிற பழக்கம் ரெண்டு பக்கமும் இருக்கு. அந்தக் கணக்கு யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. எந்த மொழியில் எழுதினாய் என்று மட்டும்தான் கேட்டது.

1974 இல் ரெண்டாவது அடுக்கு வந்தது: மாவட்டக் கோட்டா. சனத்தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடங்கள். யாழ்ப்பாணத்துக்கு இது இடி. 1975 இல் விஞ்ஞானத் துறைகளில் தமிழர் பங்கு 19 வீதமாக இறங்கியது. 1970 இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவாகியிருந்தது. அதுக்குப் பிறகு நடந்ததை எல்லாரும் அறிவோம். ஒரு தலைமுறை இளைஞர்களின் கோபத்துக்கு இந்தப் புள்ளிக் கணக்கு பெரிய காரணங்களில் ஒன்று.

ஆனால் அதே மாவட்டக் கோட்டா வன்னிக்கும் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வேற மாதிரி வந்து சேர்ந்தது. விஞ்ஞானம் படிக்க வசதியே இல்லாத இடங்களிலிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். கண்டிய சிங்களக் கிராமங்களுக்கும் அதே கதைதான். ஆக "தரப்படுத்தல்" என்ற ஒரே சொல்லுக்குள் ரெண்டு வேற வேற ஏற்பாடு இருக்கிறது. ஒன்று மொழிக்கு வைத்த தண்டனை. மற்றது இடத்துக்குக் கொடுத்த ஈடு. ரெண்டும் அடுத்தடுத்த வருடங்களில் ஒரே அரசாங்கத்தின் கையால் வந்ததால் ஒன்றாகவே ஞாபகத்தில் ஒட்டிப்போச்சு. யாழ்ப்பாணத்து நண்பரும் அம்பாறை நண்பரும் இதைப் பற்றிப் பேசினால் பத்து நிமிடத்தில் சண்டை வருவது இதனால்தான். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரும் வேற வேற பாதியைச் சொல்கிறார்கள்.

1977 இல் ஆட்சி மாறியது. மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வந்தது. மாவட்டக் கோட்டா மட்டும் போகவில்லை. 1979 இல் 30 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்தார்கள். விகிதம் பல தடவை மாறி, இப்ப 40, 55, 5. அந்தக் கடைசி 5 வீதம் 16 மாவட்டங்களுக்கு. அதில் அம்பாறை இருக்கிறது. ஒரு காலத்தில் கோட்டாவால் இழந்த யாழ்ப்பாணமும் போருக்குப் பிறகு இன்றைக்கு அதே பட்டியலில் இருக்கிறது. வரலாறு செய்கிற பகிடி சில நேரம் சிரிக்க முடியாத பகிடி.

இனி இசட் ஸ்கோர். முந்தி நாலு பாடத்தின் மொத்தப் புள்ளியைக் கூட்டி வரிசைப்படுத்தினார்கள். இலேசான பாடம் எடுத்தவருக்கும் கடினமான பாடம் எடுத்தவருக்கும் ஒரே தராசு. பாடங்கள் மூன்றாகக் குறைந்த காலத்தில், 2001 இல், இசட் ஸ்கோர் வந்தது. கணக்கு சிம்பிள்தான். உங்கட புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். தமிழில் 70 எடுத்தீர்கள், சராசரி 55, விலகல் 15, வருவது 1. புவியியலில் 60, சராசரி 42, விலகல் 12, வருவது 1.5. அரசியல் விஞ்ஞானத்தில் 58, சராசரி 46, விலகல் 16, வருவது 0.75. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 1.0833. தமிழில்தான் கூடப் புள்ளி, ஆனால் உங்களைத் தூக்கிவிட்டது புவியியல். மற்றவர்கள் தடுக்கி விழுந்த இடத்தில் நீங்கள் நின்றீர்கள் என்பதற்கான மதிப்பு அது.

கவனிச்சுப் பாருங்க, இதுவும் தரப்படுத்தல்தான். 1973 இல் செய்ததற்கும் இதற்கும் கணிதத்தில் பெரிய தூரம் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், சராசரி எடுக்க யாரை யாரோட சேர்க்கிறார்கள் என்பதில். அப்போது மொழி மொழியாகப் பிரித்தார்கள். இப்ப ஒரு பாடத்தை எந்த மொழியில் எழுதினாலும் எல்லாரும் ஒரே கூட்டம்.

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை காட்டியது. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் வேற வேற வினாத்தாள் எழுதினார்கள். இசட் ஸ்கோர் போடும்போது ரெண்டு கூட்டத்தையும் கலந்துவிட்டார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தப் பெறுபேற்றை ரத்துச் செய்து, ரெண்டையும் தனித்தனிக் கூட்டமாக எடுத்துத் திரும்பக் கணிக்கச் சொன்னது. நாலு தசம தானத்துக்குக் கணிக்கப்படுகிற எண், கூட்டம் மாறினால் முழுசா மாறிப்போகும்.

அப்ப எங்கட கூட்டம் எது? அம்பாறை மாவட்டம். அது 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. உள்ளே கல்லோயாக் குடியேற்றத்தின் சிங்களக் கிராமங்கள், கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும். கோட்டாவுக்காகப் போட்ட எல்லை இல்லை அது. ஆனால் 13 வருடம் கழித்து அந்த எல்லைதான் யார் யாரோட போட்டி போடுவது என்று தீர்மானித்தது. இன்றைக்கும் பெயர்பெற்ற பாடசாலைகளும் ரியூஷன் வகுப்புகளும் நெருங்கிக் கிடக்கிற கல்முனைப் பிள்ளையும், பொத்துவில் பிள்ளையும், திருக்கோவில் பிள்ளையும், மகாஓயாப் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில்தான் நிற்கிறார்கள். கொழும்புக்கும் அம்பாறைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கோட்டா பார்க்கிறது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அது பார்ப்பதில்லை.

கம்பஸுக்குப் போனால் "கோட்டாவில வந்த ஆள்" என்று ஒரு நக்கல் காதில் விழும். எங்கட மாவட்டத்துத் தம்பி தங்கச்சிமார் அதைக் கேட்டுக் கூச வேண்டாம் என்பதுதான் என்னுடைய நிலைப்பாடு. வெட்டுப்புள்ளி குறைவு என்பது பிள்ளையின் மூளையைப் பற்றிய செய்தி கிடையாது. அந்த மாவட்டத்தில் பௌதிகவியல் ஆசிரியர் எத்தனை பேர் என்பதைப் பற்றிய செய்தி. அதே நேரம் கோட்டாவை ஒரு வெற்றியாக வைத்துக் கொண்டாடவும் முடியாது. 1974 இல் பின்தங்கியிருந்த மாவட்டம் ஐம்பது வருடம் கழித்தும் அதே பட்டியலில் இருக்கிறதென்றால், பல்கலைக்கழக வாசலில் ஈடு கொடுத்தார்கள், பள்ளிக்கூட வாசலில் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

காரைதீவிலிருந்து தெற்கே கொஞ்சத் தூரம் போனால் ஒலுவில். போர் காரணமாகக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக முடியாமல் நின்ற மாணவர்களுக்காக 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகமே எங்கட கரைக்கு வந்துவிட்டது. பொத்துவிலில் உயர்தர விஞ்ஞானம் படிக்க விரும்புகிற பிள்ளைக்கு ஆசிரியர் வருகிறாரா என்று கேட்பதுதான் மிச்சம். அடுத்த தடவை வெட்டுப்புள்ளி வெளியாகும்போது, யாருக்குக் குறைவு என்று பார்க்கிறதோட நிற்காமல், ஏன் குறைவு என்று உங்கட வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்க.