பித்தளைப் பித்தானும் பட்டாளத்தார் வீடும்

ராஜபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. உடைந்த சொம்பு, குழாய் மூடி, கதவுக் கொண்டி இவற்றோடு ஒரு கோட்டுப் பித்தானும் தராசில் கிடந்தது. கடைக்காரருக்கு அது வெறும் பித்தளை. எனக்கு எங்க பெரியம்மை ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எங்கள் சேரியில் அவள் வீட்டுக்குப் பேரே 'பட்டாளத்தார் வீடு'தான். சுருக்குப்பையில் இதே மாதிரி ஒரு பித்தான் வைத்திருந்தாள். "எங்க பாட்டையா கோட்டுப் பித்தான்யா இது. கப்பல்ல போயி சண்ட போட்டவரு" என்பாள். எந்தச் சண்டை, எந்தப் பட்டாளம் என்று கேட்டால், "அதெல்லாம் யாரு கேட்டா, யாரு சொன்னா?"

யாரும் சொல்லாததைப் பித்தானே கொஞ்சம் சொல்லும். இங்கிலாந்தில் உலோகம் தேடும் கருவியோடு வயல்வெளியில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைத்ததைப் பதிவு செய்ய 1997 முதல் அங்கே ஒரு திட்டமே உண்டு. நம்ம சனங்களுக்குக் கருவி மண்வெட்டிதான். வாணம் தோண்டும்போது, கண்மாய் மண் அள்ளும்போது அகப்படும். பிறகு பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும்.

முதலில் சின்னத்தைப் பார்க்க வேண்டும். சிங்கம் ஒன்று கிரீடத்தைப் பிடித்து நின்றால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது. கிரீடம் மட்டும் இருந்தால் அதன் மேல்வளைவைப் பார்க்கணும். நடுவில் அமுங்கியிருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம். குவிமாடம்போல் எழும்பியிருந்தால் 1901க்குப் பிந்தியது. அசோகச் சிங்கம் என்றால் 1950 ஜனவரி 26க்குப் பிறகு. முதுகுப் பக்கம் காதைச் சுற்றி லண்டன், பர்மிங்ஹாம் என்று செய்தவர் பேரும் ஊரும் இருக்கலாம்.

அடுத்தது எண். 1903இல் தளபதி கிச்சனர் சென்னைப் படைப்பிரிவுகளின் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார். 1ஆம் பயனீர் 61 ஆனது. பாளையங்கோட்டைப் பேர் தாங்கிய 3ஆம் காலாட்படை 63 ஆனது. ஆக, எண்ணே காலத்தைச் சொல்லிவிடும்.

பெரியம்மையின் பித்தானில் கிரீடம் குவிமாடம். கீழே 6 தெரிகிறது. அடுத்த எண் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். பாசம்தான் அதை அழித்தது.

ஆனாலும் தேடலாம். அறுபதுகளில் 62, 66, 67, 69 எல்லாம் அப்போது பஞ்சாபிகள் படை. சென்னைப் படையின் எண்தான், ஆட்கள்தான் வேறு. ஏன்? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். 'வீர சாதி' என்றொரு கணக்கு வந்தது. சாதியை வைத்து வீரம் அளக்க வெள்ளைக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுக்கணும்? மகர்களைச் சேர்ப்பதும் 1892இல் நின்றது. அம்பேத்கரின் தகப்பனார் சுபேதார். அம்பேத்கர் பிறந்தது 1891இல், மோவ் ராணுவக் குடியிருப்பில்.

நம்மவர்களுக்கு மிஞ்சியவை 61, 63, 64 போன்றவைதான். ரோடு போட, பாலம் கட்ட, பள்ளம் தோண்ட இருந்த பயனீர், சாப்பர் படைகளில் பறையர்கள் நிறையச் சேர்ந்திருந்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்ற துறைமுகத்தில் 61ஆம் 63ஆம் இறங்கின. திட்டமிட்ட அதிகாரிகள் சொதப்பினார்கள். தோற்றதும் பழி சிப்பாய்கள் தலையில் விழுந்தது. பாட்டையா போன கப்பல் அதுவாக இருக்கலாம். 1928க்குள் சென்னைக் காலாட்படையும், 1933இல் பயனீர்களும் கலைக்கப்பட்டார்கள். கோட்டுப் போட்டவர் மறுபடி ஊருக்கே வந்தார்.

எந்த ஊருக்கு? மேல்சட்டை போட்டுத் தெருவில் நடந்தால் அடிவிழுகிற ஊருக்கு. பட்டாளத்தில் அதே உடம்பில் சட்டை, அதில் வரிசையாகப் பித்தான். வெள்ளைக்காரன் கருணையால் வந்ததல்ல அது. அவனுக்கு ஆள் தேவைப்பட்டது. தேவை தீர்ந்ததும் கழற்றிக்கொண்டான். 'வெள்ளைக்காரனுக்குக் கூலிப்பட்டாளம் போனவங்கதானே' என்று நம்மைக் கேட்கிறவர்கள் உண்டு. போனவர்கள்தான். பர்மாவையும் சீனாவையும் அடிக்கப் போன கப்பல்களில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கிறவர் தன் தெருவில் எங்க பாட்டையாவைச் சட்டையோடு நடக்க விட்டாரா என்பதையும் சேர்த்துப் பேசணும்.

தோழர்களே, வீட்டில் பித்தான் இருந்தால் தேய்க்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும் என்று 1878ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆவணங்களில் தேடப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். முக்கியமாக, யாருடையது, யார் சொன்னது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பித்தானில் ராணி பேர் இருக்கும், பட்டறைக்காரன் பேர் இருக்கும். போட்டிருந்தவர் பேர் இருக்காது. அதை நாம்தான் எழுதணும்.

பெரியம்மைக்கு இந்தத் தாங்கா கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அந்த ஊர்ல எங்க பாட்டையா சட்ட போட்டுத்தான இருந்தாரு?"