கணப்பும் காடும்: நீலகிரி வீடுகளின் குளிர்கால எரிபொருள் வரலாறு

சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அந்த அளவுக்குக் குளிர்ந்தது. ஆகவே பள்ளிக்கரணையிலோ தாம்பரத்திலோ எந்தப் பழைய வீட்டுக்கும் கணப்பு தேவைப்பட்டதில்லை. உள்ளே சேரும் வெக்கையை வெளியேற்றுவதுதான் இங்கே கொத்தனாரின் கவலை. முற்றமும் திண்ணையும் ஓட்டுக்கூரையும் அதற்காகவே வந்தவை. வீட்டைச் சூடாக்கிய வரலாற்றைத் தமிழ்நாட்டில் தேட வேண்டுமென்றால் மலையேறத்தான் வேண்டும். நீலகிரியில் அந்த வரலாறு வீட்டுக்குள் முடிந்துவிடவில்லை. நிலக்கரியை எரித்துப் பழகியவர்கள் நிலக்கரி கிடைக்காத மலையில் குடியேறினார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட மலையின் தாவரப் போர்வையையே மாற்றினார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பும் அந்த மலையில் மக்கள் குளிரோடு வாழ்ந்தார்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளங்களில் விடிகாலைப் புல்மீது உறைபனி படியும். எருமை மேய்க்கும் மலைப்பழங்குடிகளான தோடர்களின் மரபான குடில் இதற்கென்றே யோசித்துக் கட்டப்பட்டது. பிரம்பையும் மூங்கிலையும் வளைத்துப் புல் வேய்ந்த அரைப்பீப்பாய் வடிவம், தவழ்ந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்த ஒற்றை வாசல், சன்னல் கிடையாது. உள்ளே ஒரு பக்கம் படுக்கும் திண்ணை, மறுபக்கம் அடுப்பு. சமைத்த தீயே குளிரையும் போக்கியது. புகை கூரைப் புல்லின் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். போகும் வழியில் கூரையைப் பூச்சி அரிக்காமலும் காக்கும். சூடேற்ற வேண்டிய காற்று கொஞ்சம்தான் என்பதால் விறகும் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819 ஜனவரியில் மலையேறினார். உதகையில் அவர் கட்டத் தொடங்கிய ‘கல் பங்களா’ 1823 வாக்கில் நிறைவடைந்தது. அது அமைந்த வளாகத்தில் இப்போது அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. அடுத்தடுத்து எழுந்த பங்களாக்கள் இங்கிலாந்து நாட்டுப்புற வீடுகளின் சாயலில் அமைந்தன. உயர்ந்த உட்கூரை, அகன்ற கண்ணாடிச் சன்னல்கள், முக்கிய அறைகளில் சுவரோடு சேர்ந்த கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. திறந்த கணப்பு எரியும்போது வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். அறையின் சூடான காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்குகளில் குளிர்காற்று நுழையும். தீக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு விறைக்கும். தோடர் குடிலோடு ஒப்பிட்டால் இது விறகைத் தின்னும் கட்டடம். எரிபொருள் தேவையை வெப்பமானி மட்டும் முடிவு செய்வதில்லை. கட்டட வரைபடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அன்றைய இங்கிலாந்து நகரங்களில் இத்தகைய கணப்புகளில் நிலக்கரி எரிந்தது. நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று வேண்டும் என்பதால் அதை இரும்புக் கிராதியில் எரிப்பார்கள். விறகைச் சாம்பல் படுகையின் மேலேயே எரிக்கலாம். ஒரு கிலோ நல்ல நிலக்கரி தரும் வெப்பத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ காய்ந்த விறகு தேவை. வங்கத்து ராணிகஞ்ச் சுரங்கம் நீலகிரிக்கு வெகு தொலைவு. சிங்கரேணியில் சுரங்கப்பணி தொடங்கியதோ 1889இல்தான். மாட்டுவண்டியும் சுமைகூலிகளும் ஏறிய மலைப்பாதையில் வீட்டுக் கணப்புக்காக நிலக்கரியைக் கொண்டுவருவது கட்டுபடியாகாது.

முதலில் வெட்டுப்பட்டவை சோலைகள். மலைமடிப்புகளில் ஓடையை ஒட்டி நிற்கும் இந்தக் குறுங்காடுகளின் மரங்கள் மெதுவாக வளர்பவை. நிழலை இழந்த இடத்தில் கன்றுகள் உறைபனிக்குக் கருகிவிடும் என்பதால் ஒருமுறை வெட்டினால் எளிதில் மீளாது. வெலிங்டன் படைமுகாமும் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியும் பெருகிய குடியிருப்புகளும் விறகுத் தேவையை உயர்த்தின. 1870களில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் உதகைக்கு இடம்பெயரும் வழக்கம் நிலைபெற்றபோது அது மேலும் கூடியது.

மாற்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. யூகலிப்டஸ் குளோபுலஸ் 1843இல் நீலகிரிக்கு வந்தது. 1856 முதல் விறகுக்காகவே முறையாகத் தோப்புகள் நடப்பட்டன. உதகையின் அரம்பி தோப்பு 1863ஐச் சேர்ந்தது. மலைமக்கள் இதைக் கற்பூர மரம் என்கிறார்கள். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பும். பத்தாண்டு வாக்கில் மீண்டும் வெட்டலாம். உரிந்து தொங்கும் பட்டையும் காய்ந்த இலையும் எண்ணெய்ச் சத்தால் சடசடவெனப் பற்றிக்கொள்ளும். கணப்பு மூட்டுபவருக்கு அதைவிட நல்ல சுள்ளி கிடைக்காது. இதனோடு வாட்டில் என்னும் சீகை மரமும் வந்தது. கிரிக்கின் 1880ஆம் ஆண்டு மாவட்டக் கையேடும் பிரான்சிஸின் 1908ஆம் ஆண்டு விவரச்சுவடியும் இந்தத் தோப்புகளைப் பற்றி விரிவாக எழுதுகின்றன.

இந்த மரங்களை எங்கே நட்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலும் புல்வெளியில் நட்டார்கள். தோடர் எருமைகள் மேய்ந்த, மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு விட்ட அந்த நிலம் வருவாய்த்துறையின் கண்ணில் மரமற்ற தரிசு. பள்ளிக்கரணைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. தென்சென்னையின் மழைநீரைத் தாங்கிய சதுப்பு நெடுங்காலம் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டதால்தான் அதில் குப்பைமேடு எழுந்தது, கட்டடங்கள் முளைத்தன. அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட 2007 வரையிலும், ராம்சர் பட்டியலில் அது இடம்பெற 2022 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. நீலகிரிப் புல்வெளிக்கு அவ்வளவு அவகாசமும் கிடைக்கவில்லை.

மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. ஒருவழியாக நிலக்கரி மலையேறியது, ஆனால் பெரும்பாலும் எஞ்சின் அடுப்போடு நின்றுவிட்டது. வீட்டுவாசலில் மலிவான விறகு கிடைத்தபோது நிலக்கரியை யார் வாங்குவார்? 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் வசதியுள்ள வீடுகளுக்கு மின்சூடேற்றியும் வந்தது. கணப்பு மெல்ல அலங்காரப் பொருளானது.

புகைபோக்கி இல்லாத சிறு வீடுகளில் தணல் அள்ளிய சட்டிதான் கதி. அடுப்புக்கரி புகையில்லாமல் எரிவதால் ஆபத்தில்லை என்ற எண்ணம் வருகிறது. ஆனால் அடைத்த அறையில் காற்றோட்டம் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் விழிப்பதே இல்லை. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இறந்த செய்திகள் மலைநகரங்களிலிருந்து இன்றும் வருகின்றன. பழைய பங்களாவின் கணப்பு வெப்பத்தை வீணடித்தாலும் நச்சுக்காற்றை வெளியேற்றியது. அந்தக் கணப்பு ஏழை வீடுகளுக்குக் கிடைக்கவே இல்லை.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயல்வாழிடங்களை மீட்கும் கொள்கையை வெளியிட்டது. புல்வெளியும் சோலையும் மீள வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சீகையும் கற்பூரமும் ஏறத்தாழ 170 ஆண்டுகளாக விறகாகவே நிற்கின்றன. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோவதும் அந்த விறகைத்தான். காஸ் உருளை சமையலுக்குத் தீர்வு தரலாம். ஜனவரி இரவின் குளிருக்கு அது விடையாகாது. வெட்டும் மரத்தில் ஒரு பங்கை அந்த வீடுகளுக்குத் தருவதும், தகரக்கூரைக்கு அடியில் வெப்பம் தங்கும் உட்கூரையும் புகைபோக்கியோடு கூடிய அடுப்பும் அமைத்துக் கொடுப்பதும் காடு மீட்கும் திட்டத்துக்குள்ளேயே இடம்பெற வேண்டும்.