ஒரு வக்கீலின் கடைசி வாதம்

1821-ஆம் ஆண்டில், கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் தொழில் நடத்திவந்த தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற இளம் வக்கீல், பென்ஸில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கை ஜெயித்தார். அண்டை ராஜ்யமான மேரிலாண்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவோர் ஆறு மாதத்துக்கு மேல் அவர்களை இங்கே வைத்திருந்தால் அவ்வடிமைகள் விடுதலை பெறுவர் என்பது 1780-ஆம் ஆண்டுச் சட்டம். எஜமானர்களுடன் பன்முறை இங்கு வந்து தங்கிய சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், அந்த நாட்களையெல்லாம் ஒன்றுகூட்டித் தன் விடுதலையைக் கோரினாள். ஆறு மாதமும் இடையறாது தொடர்ந்திருக்க வேண்டும் என்று எஜமானர் தரப்பில் ஸ்டீவன்ஸ் வாதித்தார். அவ்வாதத்தை நீதிமன்றம் ஏற்க, அப்பெண் அடிமையாகவே திரும்பிப் போனாள்.

பிற்காலத்தில் அடிமைத்தனத்தின் பரம விரோதியென்று தேசமெங்கும் பேர்பெற்ற மனிதரின் வாழ்க்கையில் இவ்வெற்றி அழியாத களங்கமே. ஆனால் ஒரு மனிதரை அவருடைய தொடக்கத்தைக் கொண்டு மட்டும் நிறுத்துப் பார்ப்பது நியாயமாகாது.

1792-இல் வெர்மாண்டில், வளைந்த பாதத்தோடு பிறந்தவர் ஸ்டீவன்ஸ். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போக, வறுமையிலும் தாய் படிக்கவைத்த அந்தப் பிள்ளை, கல்வியின் அருமையை என்றும் மறக்கவில்லை. பென்ஸில்வேனியாவில் 1834-இல் பிறந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை, வரிச்சுமைக்கு அஞ்சியவர்கள் மறு ஆண்டே ரத்துசெய்ய முனைந்தபோது, சட்டசபையில் எழுந்து அவர் நிகழ்த்திய பிரசங்கம் உறுப்பினர்களின் மனத்தைத் திருப்பி அச்சட்டத்தைக் காத்தது. 1838-இல் அந்த ராஜ்யத்தின் புதிய அரசியல் சாசனம் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. அதில் கையெழுத்திட அவர் மறுத்துவிட்டார்.

பின்னர் லங்காஸ்டரில் குடியேறி, அங்கிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். 1851-இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க வந்தோருக்கு உதவ மறுத்ததற்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேயின் தரப்பில் வாதாடிய வக்கீல்களுள் அவரும் ஒருவர், ஹான்வே விடுதலையானார். உள்நாட்டுப் போரின்போது நிதிக் குழுவின் தலைவராக இருந்து சேனைக்கு வேண்டிய பணத்தைத் திரட்டியவரும், அடிமைத்தனத்தை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்துக்காகவும், சட்டத்தின் முன் யாவருக்கும் சமமான பாதுகாப்பு அளித்த பதினான்காம் திருத்தத்துக்காகவும் முன்னணியில் நின்று உழைத்தவரும் அவரே. விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் நிலம் வழங்க வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. நிலமற்ற சுதந்திரம் எத்தனை நலிந்தது என்பதைப் பின்வந்த தலைமுறைகள் துன்பத்தால் அறிந்தன.

1868 ஆகஸ்டு 11-ஆம் நாள் வாஷிங்டனில் அவர் காலமானார். லங்காஸ்டரின் பெரிய மயானங்களின் விதிகள் வெள்ளையரல்லாதாரை விலக்கியிருந்தபடியால், எவ்வினத்தாரையும் ஏற்கும் ஒரு சிறு மயானத்தையே தம் இறுதித் துயிலுக்கு அவர் தேர்ந்துகொண்டார். அதன் காரணத்தையும் கல்லறையில் பொறிக்கச் செய்தார். சட்டத்தின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஓர் ஏழைப் பெண்ணின் விடுதலையைத் தடுத்த அதே வக்கீல், மயானத்தின் விதிகளிலும் மனிதரைப் பிரிக்கும் சொல் இருக்கலாகாது என்று, பேச்சடங்கிய பின்னும் அந்தக் கல்லின்மேல் வாதித்துக்கொண்டிருக்கிறார்.