அப்பா விட்டுச்சென்ற ஹெரால்டு

குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்ட நாளில் நிலமும் வீடும் ஒரே மாலையில் பேசி முடிந்தன. எங்கள் மூவரையும் பிணங்க வைத்தது, மாட்டுக்கொட்டிலில் தென்னங்கீற்றுகளுக்கு அடியில் கிடந்த 1964ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்தான். எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் எங்களுள் மூத்தவர். காயலான் கடைக்காரர் இருமுறை வந்து பார்த்தும் சென்றார். இளையவர்கள் இருவரும் இணங்கவில்லை. ஆயினும் அக்காரைக் காத்தது எங்கள் பிடிவாதம் மட்டுமன்று. இங்கிலாந்தில் எப்போதோ நேர்ந்த ஒரு வணிகச் சிக்கலும்தான்.

ஐம்பதுகளில் காரின் உடலை ஒரே கூடாகப் பற்றவைத்துச் செய்யும் முறை பரவி வந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்கு அத்தகைய கூடுகளைச் செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழுக்கூடு செய்து தர ஆளில்லாத நிலையில், உடலைப் பகுதி பகுதியாகச் செய்து, தனிச் சேசிஸின் மீது போல்ட்டுகளால் பூட்டும் பழைய வழிக்கே அவர்கள் திரும்பினார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைக்க, 1959இல் ஹெரால்டு வெளிவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரிலும் அது உருவாயிற்று. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு பின்னாளில் இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது என்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம்.

அன்றைய இடர்ப்பாடு எங்களுக்கு வரமாயிற்று. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும் பானெட்டைக் கழற்றினோம். பிறகு முன்னுடல், பின்னுடல் என ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சேசிஸின் நடுச்சட்டங்கள் உறுதியாகவே இருந்தன. பக்கவாட்டில் நீளும் கைகளைத் துரு தின்றிருந்தது. ஊர் வெல்டிங் பட்டறையிலேயே அவற்றை மாற்ற முடிந்தது. ஒரே கூடாக இருந்திருந்தால் அந்தத் துருவே காரின் முடிவாகியிருக்கும்.

எஞ்சின் உயிர்பெற்ற அன்று ஒரு சுற்று ஓட்டிப்பார்க்கத் துடித்தோம். மூட்டுகளுக்கெல்லாம் பட்டறையில் கிரீஸ் அடித்தாயிற்று. அன்றிரவு அப்பாவின் குறிப்பேட்டைப் புரட்டுகையில் இரண்டு கோடிட்ட ஒரு வரி கண்ணில் பட்டது: முன்சக்கர மூட்டுக்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில் மட்டும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு, வெண்கல மூட்டுக்குள் மரையாக இறங்குகிறது. அந்த மரையின் இடுக்குகளில் கிரீஸ் சரிவரப் பரவாது. எண்ணெயின்றித் தேய்ந்தால் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். மறுநாள் கழற்றிப் பார்த்தோம். இடப்புறத் தண்டு துருவால் அரிக்கப்பட்டு, மரை பாதியாகியிருந்தது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

மாற்றுத் தண்டு தேடிக் கிடைக்க ஐந்து மாதங்கள் ஆயின. அதற்குள் வண்ணம் பூசும் பேச்சு வந்தது. ஓட்டுநர் பக்கக் கதவில், அப்பா தம் கையால் தூரிகை கொண்டு பூசிய பச்சைத் திட்டு ஒன்று உண்டு. காரின் நிறத்தோடு அது ஒட்டாது. அதை மட்டும் தொடவேண்டா என்று தடுத்தவர், எடைக்குப் போடச் சொன்ன மூத்தவர்தான். முன்சக்கர மூட்டுகளுக்குத் தவறாமல் கியர் ஆயில் ஊற்றுபவரும் இன்று அவரே.