பெட்டியடியும் பேரேடும்



19-ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து வந்த நகரத்தார், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் கிட்டங்கிகள் அமைத்தனர். ஒரு நீண்ட கூடம்; அதில் ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு மேசைப்பெட்டி. இதுவே பெட்டியடி. அலுவலகம் அவ்வளவுதான்.

முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். இங்கே தொழில் பார்த்தவர் ஏஜெண்டு. மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். வேறொருவர் வந்து அமர்வார். ஆள் மாறினாலும் தொழில் நிற்காது. காரணம் என்ன? கணக்கு ஆளின் நினைவில் இல்லை, ஏட்டில் இருந்தது. அன்றாட வரவு செலவு முதலில் குறிப்பில் ஏறும். பின்பு பேரேட்டில் அவரவர் பெயருக்குரிய பக்கத்தில் பதியும். ஐந்தொகை எடுத்தால் நிலைமை விளங்கும். கணக்கின் நகல் ஊருக்குப் போகும்.

வட்டிக்கு வாங்கி நொந்தவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒழுங்கை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

புக்கிட் காத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பலகாரம் விற்ற ஓர் அம்மையார், கடனையெல்லாம் மனத்திலேயே வைத்திருந்தார். சம்பள நாள் முழுதும் வாக்குவாதத்தில் கழியும். பள்ளியில் படித்த மகள் ஆளுக்கொரு பக்கம் பிரித்து எழுதத் தொடங்கினாள். அதன்பின் ஒரு மணி நேரத்தில் வசூல் முடிந்தது. அண்டை வீட்டாருடன் பகையும் தீர்ந்தது.

பெற்றோர்களே, ஒரு நோட்டுப் புத்தகம், இரவில் பத்து நிமிடம், உங்கள் பிள்ளையின் கையெழுத்து, இவை போதும்.