நடந்து சென்றவர் வாகனம் மோதி இறந்தால்: வாகனமோட்டியின் பொறுப்பு என்ன, நியாயமான தண்டனை எது?

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோலாசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் நோக்கிச் செல்வது கூட்டரசுச் சாலை 5. சுங்கை பூலோ பக்கமிருந்து ஈஜோக், அசாம் ஜாவா வழியாக வருவது கூட்டரசுச் சாலை 54. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களுக்குள் போகும் கிளைச் சாலைகள் இவற்றோடு சேர்கின்றன. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், தொழிற்சாலை பஸ்ஸும், வேலைக்கு விரையும் காரும் ஓடும் இதே சாலைகளின் ஓரத்தில்தான் நம்மவர்கள் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடக்கிறார்கள். பல இடங்களில் நடைபாதை இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லும் கால்வாயும்தான்.

இப்படி நடந்து போனவர் மீது வாகனம் மோதி உயிர் போய்விட்டால், இழவு வீட்டில் இரண்டு பேச்சு கேட்கும். "போன உயிர் திரும்பி வரப்போகிறதா, பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பது ஒன்று. "அவனைத் தூக்கில் போட வேண்டும்" என்பது மற்றொன்று. சட்டம் இந்த இரண்டிலும் சேராது. அது கேட்கும் முதல் கேள்வி, "வாகனத்தை எப்படி ஓட்டினார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே, தண்டனை அபராதத்தோடு முடியுமா, பல ஆண்டுச் சிறையாகுமா என்பது முடிவாகிறது. எனவே, இரு தரப்புக் குடும்பங்களும் சட்டத்தின் அடிப்படையை அறிந்திருப்பது அவசியம்.

மூன்று பிரிவுகள், மூன்று அளவுகள்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், சாலை மரணங்களில் அடிக்கடி பேசப்படும் பிரிவுகள் மூன்று.

பிரிவு 43, கவனக்குறைவாகவோ மற்ற சாலைப் பயனீட்டாளர்களைப் பொருட்படுத்தாமலோ ஓட்டுவது பற்றியது. உச்ச அபராதம் 10,000 ரிங்கிட். சிறை அதிகபட்சம் 12 மாதங்கள். மரணம் நேர்ந்திருக்க வேண்டும் என்பது இக்குற்றத்தின் கூறு அல்ல.

பிரிவு 41, பொறுப்பற்ற முறையிலோ ஆபத்தான முறையிலோ ஓட்டி மரணம் விளைவிப்பது பற்றியது. 2020 அக்டோபர் 23ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகு, முதல் குற்றத்திற்கே குறைந்தது 5 ஆண்டுகள், அதிகபட்சம் 10 ஆண்டுகள் சிறை. அபராதம் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை. லைசென்ஸ் வைத்திருக்கக் குறைந்தது 5 ஆண்டுகள் தடை. திருத்தத்திற்கு முன்பு இது 2 முதல் 10 ஆண்டுகள் சிறை, 5,000 முதல் 20,000 ரிங்கிட் அபராதம் என்று இருந்தது.

பிரிவு 44, மது அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் ஓட்டி மரணமோ காயமோ விளைவிப்பது பற்றியது. மரணம் விளைவித்தால் முதல் குற்றத்திற்கு 10 முதல் 15 ஆண்டுகள் சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம். இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மது அளவும் அதே திருத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

எந்தப் பிரிவில் குற்றஞ்சாட்டுவது என்பதைக் குடும்பமோ விசாரணை அதிகாரியோ முடிவு செய்வதில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 145(3) பிரிவின்படி அந்த அதிகாரம் சட்டத்துறைத் தலைவருடையது. அவர் சார்பில் அரசுத் தரப்பு துணை வழக்கறிஞர்கள் விசாரணைக் கோப்பைப் பார்த்து முடிவெடுப்பார்கள். கோப்பில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு.

"ஆபத்தான முறை" என்றால் என்ன?

பிரிவு 41 வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. சாலையின் தன்மை, நிலை, அகலம், அப்போது சாலையில் இருந்த போக்குவரத்து ஆகியவற்றோடு, அங்கே இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க போக்குவரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தோட்ட மக்களுக்கு இது முக்கியமான வரி. தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசலிலும், திருவிழா இரவில் கோயில் முச்சந்தியிலும் மனிதர்கள் நடப்பார்கள் என்பதை அந்தச் சாலையில் ஓட்டுபவர் எதிர்பார்த்தே ஆக வேண்டும். "ஆள் திடீரென்று வந்துவிட்டார்" என்ற பதில் நெடுஞ்சாலையில் எடுபடலாம். லயத்து வாசலில் அவ்வளவு எளிதில் எடுபடாது.

ஒரு சின்னக் கணக்கு. 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கும். கைப்பேசியைப் பார்க்க இரண்டு வினாடி தலை குனிந்தால் 50 மீட்டர் சாலையைப் பார்க்காமலே ஓட்டியதாக அர்த்தம். இருட்டில், விளக்கில்லாத சாலையில், அந்த 50 மீட்டருக்குள் ஒருவர் நடந்துகொண்டிருக்கலாம்.

வாகனமோட்டிக்கு மோதிய பிறகும் கடமை உண்டு. பிரிவு 52-இன்படி வாகனத்தை நிறுத்த வேண்டும். இயன்ற உதவியைச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்திற்குள் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் போவது தனிக் குற்றம். கூட்டம் அடித்துவிடும் என்ற பயம் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் நேராக அருகிலுள்ள போலீஸ் நிலையத்திற்குப் போவதும், 999-க்கு அழைப்பதும்தான் வழி. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது வழி அல்ல.

விளைவு மட்டுமே அளவுகோலா?

நம் இலக்கியத்தில் இந்த வழக்குக்கு மிகப் பழைய முன்னோடி உண்டு. திருவாரூரில் இளவரசன் ஓட்டிய தேரின் சக்கரத்தில் கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் பாண்டியன் முன்னால் இதைச் சொல்கிறாள். கதையில் கன்று தானாகத் துள்ளிக் குதித்துத் தேருக்குள் புகுந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. உயிருக்கு உயிர் என்பது அரசனின் அறம். இன்றைய நீதிமன்றம் அதை அப்படியே ஏற்காது. கன்று எப்படி வந்தது, தேர் எந்த வேகத்தில் போனது, நிறுத்த முடிந்ததா என்று கேட்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை, ஜொகூர் பாருவில் ஒரு கார் மோதி, மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் சென்ற எட்டுப் பதின்ம வயதினர் இறந்தார்கள். காரை ஓட்டிய இளம்பெண் மீது பிரிவு 41(1)-இன் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019-இலும் 2021-இலும் அவரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் 6 ஆண்டு சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வாசகமே குறையுடையது என்பது அத்தீர்ப்பின் ஒரு காரணம். எட்டு உயிர் போனது. அதனாலேயே குற்றம் நிரூபணமாகிவிடவில்லை. ஆறு ஆண்டுகள் எட்டுக் குடும்பங்களும் ஓட்டியவரும் சேர்ந்தே அலைந்தார்கள்.

நடுவில் ஒரு பள்ளம்

இப்போது பிரிவுகளை மீண்டும் பாருங்கள். 43-இல் சிறை அதிகபட்சம் 12 மாதம். 41-இல் குறைந்தபட்சம் 5 ஆண்டு. இடையில் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. மரணம் பற்றிப் பேசாத, ஆபத்தாக ஓட்டுவது பற்றிய பிரிவு 42 இருக்கிறது. ஆனால் "கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தல்" என்ற தனிக் குற்றம் நம் சட்டத்தில் இல்லை.

இதனால் என்ன நடக்கிறது? ஒரு கணம் கவனம் சிதறியவர் மீது பிரிவு 41 பாய்ந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் 5 ஆண்டு நிச்சயம். ஒப்புக்கொள்ள யார் முன்வருவார்? வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆபத்தான முறையை நிரூபிக்கச் சான்று போதாமல் 43-க்கு இறங்கினால், அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் நீதிமன்றத்தில் ஓர் அபராதத் தொகையைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். இரண்டுமே நியாயமாகப் படவில்லை.

சிங்கப்பூர் 2019-இல் செய்த திருத்தத்தில் இந்த இடைவெளிக்கு விடை உண்டு. அங்கே ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் குற்றத்திற்கு 8 ஆண்டு வரை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 3 ஆண்டு வரை. இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு, அலட்சியத்தால் நேரும் மரணத்திற்கு அதிகபட்சம் 2 ஆண்டு என்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டம் அதை 5 ஆண்டாக்கியது. போலீசுக்குச் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை என்ற உட்பிரிவையும் அது சேர்த்தது. லோரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்ததால் அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

நமக்கும் இப்படி ஒரு நடுப்படி தேவை. மரணத்தைக் குற்றத்தின் பெயரிலேயே சொல்லும் பிரிவு. சிறைத் தண்டனையை நீதிபதி சூழ்நிலைக்கேற்ப அளக்க இடம் தரும் பிரிவு. நின்று உதவியவரையும் ஓடிப்போனவரையும் அது ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இது ஓட்டுநருக்குச் சலுகை காட்டும் யோசனை அல்ல. நம் தோட்டங்களில் லோரியும் பஸ்ஸும் ஓட்டிப் பிழைப்பவர்களும் நம் வீட்டு ஆட்கள்தான். நடந்து போய் அடிபடுபவர்களும் நம் வீட்டு ஆட்கள்தான். இரு பக்கமும் பொருந்தும் அளவுதான் நிலைக்கும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

முதலாவது, குடும்பத்தில் ஒருவர் தனியாகப் போலீஸ் புகார் செய்யுங்கள். வாகனமோட்டி செய்த புகாரே போதும் என்று இருந்துவிடாதீர்கள். புகார் செய்து நான்கு வாரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின் கீழ் விசாரணை நிலவரத்தைக் கேட்கப் புகார்தாரருக்கு உரிமை உண்டு. இரண்டு வாரத்திற்குள் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, சான்றுகளைக் காப்பாற்றுங்கள். கடை, தொழிற்சாலை வாசல், தாமான் வீடுகளின் சிசிடிவி பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடக்கூடும். அன்றே கேட்டு, விசாரணை அதிகாரியிடம் தெரிவியுங்கள். பின்னால் வந்த வாகனத்தில் டேஷ்கேம் இருந்ததா என்று விசாரியுங்கள். இறந்தவரின் உடை, செருப்பு, டார்ச்லைட் எதையும் துவைக்கவோ வீசவோ வேண்டாம்.

மூன்றாவது, ஈமச் செலவுக்கு என்று வாகனமோட்டி தரப்பு பணம் கொடுத்தால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். அப்படிக் கையெழுத்திட்டாலும் குற்ற வழக்கு அதனால் முடிவதில்லை. ஆனால் உங்கள் இழப்பீட்டு வழக்கு சிக்கலாகலாம். இழவு வீட்டுக்கே தாள்களோடு வரும் முகவர்களிடமும் இதே எச்சரிக்கை தேவை.

நான்காவது, இழப்பீட்டுக் காலக்கெடு. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, சார்ந்திருந்தோர் மரணத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். துயர இழப்பீடு 2019 செப்டம்பர் முதல் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இழந்த வருமான ஆதரவு இதற்கு மேல். நடந்தவர் மீதும் ஓரளவு தவறு இருந்தால் தொகை அந்த அளவுக்குக் குறையும், அடியோடு போய்விடாது. ஓட்டியவர் நிறுவனத்தின் வேலையில் இருந்தபோது மோதியிருந்தால், இந்தப் பொறுப்பு முதலாளியையும் சேரும்.

ஐந்தாவது, சொக்சோ. வீட்டிலிருந்து வேலைக்கோ வேலையிலிருந்து வீட்டுக்கோ போகும் வழியில் நேர்ந்த மரணம், நடந்து போனாலும், வேலையிட விபத்துத் திட்டத்தில் அடங்கும். சார்ந்தோர் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் இத்திட்டம் உண்டு.

ஆறாவது, பலரும் அறியாத உரிமை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை அறிவிக்கும் முன், இந்த மரணம் குடும்பத்தை எப்படிப் பாதித்தது என்று சொல்லக் குடும்பத்தில் ஒருவரை நீதிமன்றம் அழைக்க வேண்டும். ஆனால் குடும்பம் கேட்டால்தான் அழைக்கும். முன்கூட்டியே அரசுத் தரப்பு துணை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பாளர் உண்டு. சம்பாதித்தவர் யார், படிக்கும் பிள்ளை எத்தனை பேர், யார் வேலையை விட்டார்கள் என்று எளிமையாகச் சொன்னால் போதும்.

ஓட்டியவரின் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று, விளங்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். வருமானம் குறைந்த குடிமக்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம்.

திருவாரூர்ப் பசுவுக்கு ஒரு மணி இருந்தது. நமக்குப் போலீஸ் புகார், மூன்றாண்டுக் காலக்கெடு, நீதிமன்றத்தில் பேசும் உரிமை என்று பல மணிகள் உள்ளன. எதுவும் தானாக ஒலிக்காது. கேட்டுப் பெற வேண்டியவை.