சிங்கப்பூர்ச் சட்டமன்றப் பதிவேடுகள்: எதை எங்கே தேடுவது?

சிங்கப்பூரில் 1955 முதல் 1965 வரை இயங்கிய சட்டமன்றத்தில் பேசப்பட்டவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ‘ஹன்சார்ட்’ எனப்படும் அந்தப் பதிவேட்டில் உறுப்பினர்களின் உரை, கேள்வி பதில், மசோதா விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் நாள் வாரியாக உள்ளன.

சட்டமன்றம் முதன்முதலில் கூடியது 1955 ஏப்ரல் 22ல். நாயகரைத் தவிர்த்து 32 உறுப்பினர்கள். அவர்களில் 25 பேரே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கூடிய இடம், இப்போது ‘தி ஆர்ட்ஸ் ஹவுஸ்’ என நாம் அறிந்த பழைய கட்டடம். 1959 தேர்தலில் எல்லா இடங்களும் மக்கள் வாக்குக்கு வந்தன. உறுப்பினர் எண்ணிக்கை 51 ஆனது.

தமிழ் வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1956 பிப்ரவரி விவாதம் என்பேன். அதுவரை மன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே. ஆங்கிலம் தெரியாத தொழிலாளியின் பிரதிநிதி அங்கே வாய் திறக்க வழியில்லை. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் விவாத மொழிகளாக வேண்டும் என்ற தீர்மானம் அப்போதுதான் ஏற்கப்பட்டது. தமிழுக்கு இன்று நாடாளுமன்றத்தில் உள்ள இடத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் ஒரு குறை: அக்காலப் பதிவேடு ஆங்கிலத்தில் அமைந்தது. வேறு மொழியில் பேசியவரின் கருத்து ஆங்கிலத்தில் கிடைக்கும். அவர் சொன்ன சொற்கள் கிடைக்கா.

வெளிநாட்டில் பிறந்து இங்கே வேரூன்றியவர்களுக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய விவாதமும் நம் குடும்பங்கள் பலவற்றின் கதைதான். 1961 ஜூலை 20ல் தொடங்கி மறுநாள் அதிகாலைவரை நீண்ட நம்பிக்கை வாக்கெடுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காதவர்கள் 16. ஆளும் கட்சி பிளவுபட்ட கதை இந்த மூன்று எண்களில் தெரிகிறது.

தேடுபவர்கள் தடுமாறும் இடம் 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்ட் வரையிலான காலம். அப்போது சிங்கப்பூர், மலேசியாவின் ஒரு மாநிலம். மாநில விவகாரங்கள் இங்குள்ள பதிவேட்டில் இருக்கும். தற்காப்பு, வெளியுறவு போன்ற கூட்டரசு விவகாரங்களுக்குக் கோலாலம்பூர் மக்களவையின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். சிங்கப்பூரின் 15 உறுப்பினர்கள் அங்கே அமர்ந்திருந்தனர். 1965 ஆகஸ்ட் 9ல் பிரிவினை மசோதா 126 வாக்குகளுடன், எதிர்ப்பின்றி நிறைவேறியதும் அங்கேதான். சிங்கப்பூர் நாடாளுமன்றம் அந்தப் பெயரில் முதலில் கூடியது டிசம்பர் 8ல்.

1955 முதலான பதிவுகளை நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு யோசனை: பழைய பதிவுகளில் தமிழர் பெயர்கள் தலைப்பெழுத்துகளுடன் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றித் தேடுங்கள்; அப்படியும் சிக்காவிட்டால் விவாதம் நடந்த தேதியைக் கொண்டு தேடுங்கள். கட்டுரைக்கு மேற்கோள் காட்டும் மாணவர்கள் தொகுதி எண்ணையும் பத்தி வரிசை எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. இந்தப் பதிவேடு பக்க எண்ணால் சுட்டப்படுவதில்லை.